பிங்கிக்கு ஓர் அட்டை

1

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஊரின் பொது நூலகத்தில், குழந்தைகள் புத்தகப் பகுதிக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அதில் உட்காருகிறவன் நான். இந்த வாரத்தோடு இரண்டு வருடம் முடிகிறது. நூலகத்துப் பெண்மணி அதற்காக ஒரு சின்னக் கேக் வாங்கி வைத்திருந்தார். அதன் மேல் சர்க்கரைப் பாகில் 'டாங்' என்று எழுதியிருந்தது. தங்கவேல் என்று என் அப்பா ஆசையாக வைத்த பெயரில் இந்த நாட்டுக்காரர்களின் வாயில் நிற்பது அவ்வளவுதான்.

மேசையின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கே மருத்துவக் காப்பீடு இல்லாத வீட்டுப் பிள்ளை மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டால், கை கூடிய பிறகும் அப்பன் நிமிர முடியாது. பிள்ளைகளுக்கு மட்டும் அரசாங்கம் காப்பீடு தருகிறது. ஆனால் அதை வாங்கக் கேட்கிற தாள்களைப் பார்த்தால், தெம்பாக இருப்பவனுக்கும் காய்ச்சல் வந்துவிடும். கட்டட வேலைக்கும் ஓட்டல் சமையலறைக்கும் போகிறவர்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். அப்படிப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைப்பதுதான் என் வேலை. சம்பளம் கிடையாது.

சம்பளம் வந்த வேலை போனதால்தான் இங்கே வந்தேன். கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்து நான் வீட்டில் இருந்த நாட்களில், மல்லிகாவுக்குச் சமையல் யோசனை சொல்ல ஆரம்பித்தேன். கடுகு எப்போது போட வேண்டும், புளியை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று. இருபது வருடமாகச் சமைக்கிற மனுஷி கொஞ்ச நாள் பொறுத்தாள். ஒரு சனிக்கிழமை காலையில் என்னைக் காரில் ஏற்றி, நூலக வாசலில் இறக்கிவிட்டு, "தன்னார்வலர் வேணும்னு போர்டு போட்டிருக்குது. சாயங்காலம் வந்து கூட்டிக்கறேன்" என்றாள். எல்கேஜி பிள்ளையைக்கூட அத்தனை சுருக்காக விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

முதல் நாள் முதல் ஆளாக ஒரு மெக்சிகோ அம்மா வந்தார். "உங்களுக்கு இரண்டு குழந்தைகளா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, "சீ" என்றார். "இந்த ஊரில்தான் குடியிருக்கிறீர்களா?" "சீ, சீ." மோகனூர்க்காரனை இப்படி ஒரு பெண்பிள்ளை முகத்துக்கு நேராகச் 'சீ' என்றால் எப்படி இருக்கும்? பேனாவை மூடிவைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மகள் நிலாவிடம் சொன்னபோது அவள் சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். ஸ்பானிஷில் 'சீ' என்றால் 'ஆமாம்' என்று அர்த்தமாம். அந்த அம்மா என்னிடம் அவ்வளவு மரியாதையாக ஆமாம் போட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து நிலாதான் எனக்கு ஸ்பானிஷ் வாத்தியார். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும். பதில் இங்கிலீஷில்தான் வரும். நான் கற்றுக்கொடுத்த மொழியை அவள் பேச மாட்டாள். அவள் கற்றுக்கொடுத்த மொழியை நான் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கொடுக்கல் வாங்கல் இப்படித்தான் நடக்கிறது.

2

மேசையில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஜனங்கள் தாளுக்குப் பயப்படுவதில்லை. தனியாக மாட்டிக்கொள்வதற்குத்தான் பயப்படுகிறார்கள். நூலகத்துக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். எல்லாரும் கதவை ஒரு விரல் அகலம் திறந்து, புன்னகை செய்து, மூடிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு யாராவது வந்து வேறெதையாவது கேட்பார்களோ என்று பயம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானத்துக்கே மேசையைத் தூக்கிப் போனோம். ஒரு அம்மா தைரியமாக உட்கார்ந்தார். அதைப் பார்த்து அவருடைய நாத்தனார் வந்தார். அப்புறம் வரிசை. அன்றைக்குப் பேனா தீர்ந்துபோய், கோல் கீப்பரின் அம்மாவிடம் கண் மை பென்சில் வாங்கி எழுதினோம்.

போன வருடம் ஆகஸ்ட் மாதம், என் பெரியப்பா மகன் ராசு அண்ணன் வீட்டில் கல்யாணம். அவர் மகளுக்கு ஆவணி முகூர்த்தம். மல்லிகாவுக்கு லீவு கிடைக்கவில்லை; நிலாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். நான் மட்டும் கிளம்பினேன்.

3

மோகனூருக்கு மேற்கே, சர்க்கரை ஆலைக்கு லாரி போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ராசு அண்ணன் கோழிப்பண்ணை. நான் போனபோது பண்ணைக்கு முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் பிள்ளைகள் கபடி ஆடினார்கள். கவிழ்த்துவைத்த ஒரு வாளியின் மேல், எட்டு வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தது.

"டேய், நீ அவுட்டு! அக்கட்ட போ! கோட்டத் தாண்டீட்டுப் பேசறான் பாரு!"

பெயர் பிங்கி. அப்பா சுதாம், அம்மா சபிதா. இருவருக்கும் ஒடிசா. ராசு அண்ணன் பண்ணையில் தீவனம் வைப்பதும் முட்டை எடுப்பதும் அவர்கள்தான்; பண்ணைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருக்கிறார்கள். பிங்கி கைக்குழந்தையாக இருக்கும்போது வந்தவர்கள்.

"நீ எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டேன்.

"நாங்க ஒடிசாங்க. ஆனா நானு இந்த ஊருங்க."

"நீ வெளையாடலையா?"

"எனக்கு மூச்சு வாங்குமுங்க. அதனால நானு அம்பயரு."

அன்று சாயங்காலம் போனில் நிலாவை அழைத்துப் பிங்கியிடம் பேசச் சொன்னேன். பிங்கி விடாமல் பேசினாள். முட்டை விலை, பள்ளிக்கூடத்து டீச்சர், கல்யாணத்துக்கு எடுத்த பாவாடை. நிலா திகைத்துப்போய், "அப்பா, டூ ஃபாஸ்ட்!" என்றாள். பிங்கி போனைக் கையால் மூடிக்கொண்டு ரகசியமாக என்னிடம் கேட்டாள். "ஏனுங் மாமா, அக்கா தமிழ் ஆளுங்களா?"

"ஆமா சாமி, தமிழ்தான்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளை பந்தலிலிருந்து குழாயடிக்குப் போவதற்குள் வழியில் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வதைப் பார்த்தேன். உதடு வெளுத்துப்போயிருந்தது. ராசு அண்ணனிடம் கேட்டேன்.

"சளிப்புள்ளப்பா அது. தூதுவளை அரைச்சுக் குடுக்கச் சொல்லீருக்கறேன்."

சபிதா வேறு மாதிரி சொன்னார். அவருடைய தமிழ் மகளுடையதைப் போல ஓடாது. கல் பொறுக்கிப் பொறுக்கி வைப்பதுபோல வரும். "ஸ்கூல்ல டாக்டரம்மா வந்தாங்க. நெஞ்சுல சத்தம் இருக்கு, பெரிய டாக்டர் பாரு சொன்னாங்க. எந்த டாக்டர்? எங்க? யாரு கேக்கறது?"

இதற்குள் ராசு அண்ணன் சம்சாரம் சரசு அண்ணி, என்னைப் பற்றி ஊரெல்லாம் விளம்பரம் செய்திருந்தார். "எங்க கொழுந்தனாரு அமெரிக்காவுல புள்ளைகளுக்கெல்லாம் வைத்தியத்துக்கு அட்டை வாங்கித் தர்றாருங்க" என்று. காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்குள் திண்டாட்டம் ஆரம்பமாகிவிடும். ஒருவருக்கு முதியோர் பென்ஷன் வேண்டும். ஒருவருக்கு மோட்டாருக்குக் கரண்ட் இணைப்பு வேண்டும். ஒருவர், மாப்பிள்ளை குடிப்பதை நிறுத்த அமெரிக்காவில் ஏதாவது அட்டை உண்டா என்று கேட்டார். இருந்தால் நானே இரண்டு வாங்கியிருப்பேன் என்றேன். சொந்தத்தில் எனக்கும் ஆள் இருக்கிறது.

4

கல்யாணத்துக்கு மளிகை வாங்கச் சேலம் போக வேண்டியிருந்தது. அதே காரில் பிங்கியையும் சபிதாவையும் ஏற்றிக்கொண்டோம். முதலில் அஸ்தம்பட்டியில் குழந்தை மருத்துவர், பிறகு செவ்வாய்ப்பேட்டையில் மளிகை என்று அண்ணியின் திட்டம்.

மருத்துவரம்மா பொறுமையானவர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். கீழே ஸ்கேனுக்கு அனுப்பினார். படத்தைப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். "இதயத்துல ஓட்டை இருக்குது. பிறவியிலேயே இருந்திருக்கும். ஆபரேஷன் பண்ணினா நல்லா ஆயிருவா. ஆனா தள்ளிப்போடக் கூடாது, நுரையீரல் கெட்டுப்போயிரும். கோயம்புத்தூருக்கு எழுதித் தர்றேன். காப்பீட்டு அட்டை இருந்தா அரசாங்கமே செலவைப் பாத்துக்கும். அட்டை இருக்குதுங்களா?"

சபிதாவுக்குப் பாதி புரியவில்லை. வழக்கம்போல மகள் பக்கம் திரும்பினார். வங்கியானாலும் பள்ளிக்கூடமானாலும் அந்த வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் பிங்கிதான். அவள் வாயைத் திறந்தாள்.

எங்கள் நூலகத்தில் ஒரு விதி உண்டு: நோயைப் பற்றிய பேச்சை நோயாளிப் பிள்ளையை விட்டுச் சொல்லவைக்கக் கூடாது. நான் அவசரமாகக் குறுக்கே விழுந்து, "நான் சொல்றேன்" என்றேன். பிறகுதான் எனக்கு ஒடியாவும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. ஸ்பானிஷ்தான் முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டு, "தில் மே... தில் மே..." என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இரண்டு விரலை வளைத்து வட்டம் போட்டு, "ஓட்டை" என்றேன்.

"மாமா," என்றாள் பிங்கி, "அதுக்கு ஹிந்தில 'சேத்'னு சொல்லோணுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சபிதா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிங்கி மருத்துவரைப் பார்த்து, "அத அடச்சுப்போட்டா நானு ரெய்டு போலாமுங்களா?" என்று கேட்டாள். எந்த ரெய்டு என்று மருத்துவருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. "கபடியா? தாராளமாப் போலாம்" என்றார்.

செவ்வாய்ப்பேட்டைக்குப் போகாமல் இருக்க முடியாது. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. டவுன் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே மூட்டைகளை ஏற்றினோம். எப்போதும் பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, கடைக்காரரோடு சண்டை போட்டுத்தான் வாங்குவார் சரசு அண்ணி. அன்று கடைக்காரர் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டார். கடைக்காரர் பயந்துபோய், "ஏனுங்கக்கா, உடம்புக்கு ஏதாவதுங்களா?" என்று கேட்டார். திரும்பி வரும்போது பிங்கி வெல்ல மூட்டையில் சாய்ந்து தூங்கினாள். அண்ணி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ராசிபுரம் தாண்டியதும் சொன்னார். "தம்பி, அந்த அட்டைய வாங்காம நீங்க பிளேன் ஏறக் கூடாது."

5

விசாரித்ததில், வெளிமாநிலத்துக்காரர்களும் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வேலை செய்து குடியிருந்தால் சேரலாம் என்று தெரிந்தது. அதற்கு இங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சி வேண்டும், வேலை கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். சுதாமையும் பிங்கியையும் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். சின்ன வயது மனிதர். தலைக்கு மேல் ஃபேன் ஓடாததால் தாள்களை விசிறியாக வைத்திருந்தார்.

"இவங்கள யாருக்குங்க தெரியும்? உள்ளூர் ஆளு ஒருத்தர் சொல்லோணுமுங்களே."

"நான் சொல்றேனுங்க. எனக்கு இந்த ஊருதான்."

"உங்க ரேஷன் அட்டை?"

"அதுல பேரை எடுத்துட்டாங்க. நான் அமெரிக்காவுல இருக்கறேன்."

"வாக்காளர் அட்டை?"

"இல்லீங்க."

"ஆதார்?"

நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். கழுகுப் படத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தார். "ஏனுங்க, இதுல நீங்க வெளிநாட்டுக்காரர்னு இருக்குதுங்களே."

சுதாமிடம் கேட்டார். அவர் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இந்த ஊர் முகவரியில் கேஸ் இணைப்பு. இந்த ஊர்ப் பள்ளியில் மகளைச் சேர்த்த சான்று. மோகனூர் வங்கிக் கணக்குப் புத்தகம். அலுவலர் அவற்றையும் என் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தாளப் பாத்தா அவருதான் உள்ளூரு. நீங்கதான் ஒடிசா மாதிரி இருக்கறீங்க."

பிங்கி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, வேணும்னா எங்கப்பா உங்களுக்குச் சாட்சி சொல்லுவாருங்க."

அலுவலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல மனிதர். குடியிருப்பதைத் தான் நேரில் வந்து பார்த்து எழுதித்தருவதாகச் சொன்னார். "ஆனா பண்ணை முதலாளி கையெழுத்து வேணுமுங்க. அது இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

6

ராசு அண்ணன் முட்டை லாரிக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, பிங்கிக்கு அட்டை வேணும்."

"எடுத்துக்கப்பா. அங்க அடுக்கி வெச்சிருக்குது பாரு. காலி அட்டையா, முட்டையோடவா?"

முட்டை அடுக்குகிற அட்டை இல்லை, காப்பீட்டு அட்டை என்று விளக்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. லாரிக்காரர் காதில் விழாமல் என்னை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, வருசக்கணக்கா என்ற பண்ணையில வேலை செய்யறாங்கன்னு நான் எழுதிக் குடுத்தேன்னு வெய்யி. நாளைக்கு லேபர் ஆபீஸ்காரங்க வந்து, அது எங்க, இது எங்கன்னு கேட்டா? கல்யாணச் செலவு வேற கழுத்துல நிக்குது. வேணும்னா ஆஸ்பத்திரிக்கு என்னாலானதத் தர்றேன். கையெழுத்து மட்டும் கேக்காதே."

கெட்ட மனிதர் இல்லை. பிங்கி காய்ச்சலில் கிடந்தபோது தன் வண்டியில் தூக்கிப் போனவர் அவர்தான். ஆனால் டெக்சாஸில் கதவை ஒரு விரல் அகலம் திறந்து மூடினவர்களின் அதே முகத்தை அன்று அவரிடம் பார்த்தேன்.

நான் புத்தி சொன்னேன், கேட்கவில்லை. சட்டம் சொன்னேன், இன்னும் பயந்தார். கடைசியில் அந்த வேலையை அண்ணி எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பத்திரிகைப் பையோடு காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அன்று அவர் பங்காளிகளுக்குப் பத்திரிகை வைக்கும் நாள். அண்ணி வெளியே வரவில்லை.

"ஏ சரசு, பொழுதாச்சு!"

"நீங்க போய்ட்டு வாங்க. நான் வல்லே."

"நீ இல்லாம எப்படிப் பத்திரிகை வெக்கறது?"

"அந்தப் புள்ளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. வாரேன்."

தம்பதியாகப் போய் வைக்காத பத்திரிகையை எங்கள் பக்கத்தில் வாங்க மாட்டார்கள். அண்ணன் காரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து என்னிடம், "நீயெல்லாம் அமெரிக்காவுலயே இருந்திருக்கலாம்ப்பா" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பந்து மைதானம் நினைவுக்கு வந்தது. "அண்ணா, நீங்க ஒருத்தர் போட வேண்டாம். சுத்தி எத்தனை பண்ணை இருக்குது! எல்லாத்துலயும் வெளியூர்க் குடும்பம் இருக்குது, புள்ளைக இருக்குது. எல்லாரும் சேந்து போட்டா யாரு உங்களை மட்டும் வந்து கேப்பாங்க? சுதந்திர தினத்தன்னைக்குக் கிராம சபை வருதே. அங்க கேட்டுப் பாக்கலாம்."

அண்ணன் பத்திரிகைப் பையைக் கை மாற்றிக்கொண்டார். "மத்தவன் போட்டா நானும் போடறேன்."

"அது போதும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அண்ணி பட்டுச்சேலை கட்டித் தயாராகத்தான் இருந்தார்.

7

எங்கள் டெக்சாஸ் ஊரின் நகரசபையில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் கொடுப்பார்கள். விளக்கு சிவப்பானதும் வாயை மூடிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில் நான் மூன்று நிமிடத்துக்கு எழுதித் தயார் செய்திருந்தேன். கிராம சபை பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நடந்தது. முதலில் எழுந்த பெரியவர் தெருவிளக்கைப் பற்றி ஆரம்பித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் போய், தன் தம்பி வரப்பை வெட்டிய கதைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கொடியேற்றத்துக்குக் கொடுத்த மிட்டாய் என் சட்டைப்பையில் உருகிவிட்டது.

பண்ணைகளின் அம்மாமார் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தது சரசு அண்ணியும் மகளிர் குழுப் பெண்களும். பிங்கி முன்வரிசையில், சடையில் மூவர்ணக் கயிறோடு இருந்தாள்.

பஞ்சாயத்துத் தலைவரம்மா என்னைப் பார்த்து, "நீங்க இந்தக் குடும்பங்களுக்காகப் பேசறீங்களா?" என்று கேட்டார்.

அத்தனை சனிக்கிழமைகள் செய்த வேலை. பதற்றத்தில் என் வாயிலிருந்து சத்தமாக வந்தது: "சீ! சீ!"

தலைவரம்மாவின் முகம் சிவந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து ஊர்ச் சபையிலே தலைவரைச் சீ என்று சொல்லிவிட்டான் என்று பின்னால் இரண்டு பேர் எழுந்து துண்டை உதறினார்கள். அப்போது பிங்கி எழுந்தாள். அந்த மெக்சிகோ அம்மா கதையைச் சேலம் போகும் வழியில் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"மாமா ஆமாங்கறாருங்க! அது வேற பாசைங்க! மாமாவுக்குக் கொழப்பமாயிருச்சு!"

சிரிப்பு எழுந்து அடங்க நேரமாயிற்று. தலைவரம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு என் எழுதிவைத்த பேச்சு தேவைப்படவில்லை. பிங்கிக்கு நெஞ்சில் இருப்பதைச் சொன்னேன். மருத்துவர் தள்ளிப்போடக் கூடாது என்று சொன்னதைச் சொன்னேன். இங்கே குடியிருக்கிற எல்லா வெளியூர்க் குடும்பங்களையும் ஊர் ஒப்புக்கொண்டு ஒரு தீர்மானம் போட வேண்டும், பண்ணைக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒருவர் எழுந்தார். "தப்பாக் கேக்கலீங்க. வர்றவங்களுக்கெல்லாம் குடுத்தா நம்ம புள்ளைகளுக்குக் கொறஞ்சு போயிராதுங்களா?"

நியாயமான கேள்விதான். டெக்சாஸிலும் இதையேதான் கேட்கிறார்கள். அங்கே அது என்னைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி. நான் பதிலுக்குத் தடுமாறுவதற்குள் பக்கத்திலிருந்து ராசு அண்ணன் எழுந்தார்.

"கொறையாது மாப்ள. அவங்கவங்க அட்டை அவங்கவங்களுக்கு. இந்தப் புள்ள நம்ம பள்ளிக்கூடத்துல படிக்குது. நம்ம பசங்களத் திட்டறதப் பாத்தா ஒடிசான்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அவங்கப்பன் ராத்திரி பகல்னு பாக்காம எடுக்கற முட்டையிலதான் என்ற புள்ளைக்குக் கல்யாணம் நடக்குது." துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். "நான் கையெழுத்துப் போடறேன். ஆனா மத்த பண்ணைக்காரங்களும் போடோணும். நான் மட்டும் போட்டா நான் மட்டும் மாட்டிக்குவேன். போடலீன்னா என்ற ஊட்டுல மிச்சப் பத்திரிகை வெக்க வரமாட்டேங்கறாங்க."

இந்தக் கடைசி வாக்கியம்தான் சபையை வென்றது. பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. இன்னொரு பண்ணைக்காரர், தன் சம்சாரம் அந்தப் பக்கம் உட்கார்ந்து முறைப்பதைப் பார்த்து, தானும் எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். தீர்மானம் எழுதினபோது, கையெழுத்துக்கு இடம் போதாமல் பக்கம் திருப்பினார்கள்.

8

கலெக்டர் அலுவலகத்தில் அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போன அன்று, பிங்கி சிரித்தபடி நின்றாள். கவுண்டரில் இருந்தவர், "சிரிக்கக் கூடாது கண்ணு, இது ஆஸ்பத்திரிக்கு" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குத்தானுங்க சிரிக்கறேன்" என்றாள். அன்று அவளோடு வேன் நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கல்யாணத்தில் சுதாம் குடும்பம் பந்தியில் முன்வரிசையில் உட்கார்ந்தது. அட்டை அவள் கைக்கு வந்த பிறகுதான் நான் பிளேன் ஏறினேன்.

ஆபரேஷன் நடந்தபோது நான் ஊரில் இல்லை. ராசு அண்ணன்தான் கோயம்புத்தூர் போனார். "பண்ணை வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. பாத்தா ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருக்கறாரு" என்று அண்ணி போனில் சொன்னார். நிலா அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதல் கேள்வியாக, இங்கிலீஷில் இல்லாமல், "பிங்கி எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள். அந்த 'ங்க' அவளுக்குப் பிங்கி அனுப்பும் குரல் பதிவுகளிலிருந்து வந்தது. நான் பதினேழு வருடம் முயன்று முடியாதது.

ஒரு சனிக்கிழமை, நூலகத்து மேசையில் ஹோண்டுராஸ்காரர் ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து உட்காரும்போது என் போன் அடித்தது. ராசு அண்ணன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எடுத்தேன்.

"தம்பி, எனக்கு நல்ல வேலை பண்ணிக் குடுத்துட்டுப் போயிட்டே. அந்தப் புள்ள இப்ப வாளி மேல உக்காரறதே இல்ல. பண்ணையச் சுத்தி ஓடுது. கோழியெல்லாம் மிரண்டு முட்டை போடமாட்டேங்குது. நேத்து கடைக்குக் கூட்டீட்டுப் போனேன். 'மெதுவா நடக்கறீங்க பெரிய மாமா, உங்களுக்கு நெஞ்சுல ஏதாவது இருக்குதா பாருங்க'ன்னு என்னையச் சொல்லுது!"

அவர் திட்டிக்கொண்டே போனார். அப்புறம் அவசரமாக, "லாரி வந்திருச்சு, வெக்கறேன்" என்றார். பின்னால் எந்த லாரிச் சத்தமும் கேட்கவில்லை.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எதிரில் இருந்தவர் பயந்துவிட்டார். கெட்ட செய்தியா என்று ஸ்பானிஷில் கேட்டார். இல்லை இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். பிங்கியைப் பற்றிச் சொன்னேன். ஓட்டையைப் பற்றி, கோழிப்பண்ணையைப் பற்றி, அண்ணன் காரில் ஹாரன் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பற்றி. அவர் முன்னால் சாய்ந்து கேட்டார், தலையாட்டினார், சரியான இடத்தில் சிரித்தார். முடிக்கும்போதுதான் கவனித்தேன்: ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் தமிழிலேயே சொல்லியிருக்கிறேன்.

அவர் மேசையின் மேல் கையை நீட்டி என் தோளைத் தட்டினார். பிறகு தன் சின்ன மகளைத் தூக்கி நாற்காலியில் எனக்கு நேர் எதிரே உட்காரவைத்தார். நான் பேனாவைத் திறந்தேன்.

"சொல்லுங்க சாமி," என்றேன் அந்தப் பிள்ளையிடம், "உங்க பேரு என்னங்க?"

அவள் சொன்னாள்.